மூன்று மைக்ரான்

அந்த உருளை என் மேசைக்கு வந்தபோது மராத்திச் செய்தித்தாள் ஒன்றில் சுற்றியிருந்தது. எண்ணெய் ஊறி ஊறி முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தன. மே மாதம். நாசிக்கிலிருந்து டெம்போவில் வந்ததாகச் சொன்னார்கள். தாளைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் அறையில் இருந்த எந்த இரும்பும் அப்படி வெதுவெதுப்பாக இருக்காது.

எனக்குப் பின்னால் தரப் பிரிவு மேலாளர் நின்றுகொண்டிருந்தார். மூன்று மணிக்கு விசாரணைக் கமிட்டி உட்காருகிறது, அதற்குள் ஓர் எண் வேண்டும் என்றார். சுவர்க் கடிகாரத்தில் அப்போது இரண்டாகக் கால் மணி இருந்தது.

அறை ஆறு மணி நேரம் கேட்கும் என்று சொன்னேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகளில் நான்காவது அது. பெரிய உருப்படி வெளியிலிருந்து வந்தால் அறையின் குளிருக்கு வரும்வரை ஆறு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். மேலாளர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முடிந்த அளவு ஆறட்டும், இரண்டரைக்கு அளந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

கண்ணாடிக் கதவுக்குள்

பூனாவில் போசரிப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டுச் சிலர் கேட்டிருந்தார்கள், அந்தக் குளிர் அறைக்குள் அப்படி என்னதான் செய்தாய் என்று. அளந்தேன். அவ்வளவுதான். காலையிலிருந்து மாலைவரை அளந்தேன்.

இரும்பு சூட்டில் பெருக்கும், குளிரில் சுருங்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்த அறையில் அது பாடமல்ல, தினசரித் தொல்லை. அதற்காகவே வருடம் முழுக்க இருபது டிகிரியில் வைத்திருப்பார்கள். நான் பூனாவின் வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவள். கையுறை இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. கைச்சூடே போதும், அளவு மாறிவிடும்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் பக்கம் வரும். அந்த முடியின் சிறு துணுக்கைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

எந்திரம் சிக்கலானதல்ல. அளவு தெரிந்த ஓர் எஃகுக் கட்டையை முதலில் தொடு முனைக்கு அடியில் வைத்து டயல் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவோம். பிறகு கட்டையை எடுத்துவிட்டு உருப்படியை வைப்போம். முள் வலப்பக்கம் போனால் கூடுதல், இடப்பக்கம் போனால் குறைவு. எத்தனை கோடு தள்ளி நிற்கிறதோ அத்தனை மைக்ரான். அதை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நான் எழுதிவிட்டால் அதுதான் அளவு. என் மேலாளரே மாற்ற முடியாது. இருபத்து மூன்று வயதில் அது எப்படிப்பட்ட போதை என்று சொல்லத் தெரியவில்லை.

தனபால் அண்ணா

நாசிக்கில் எங்கள் வாடிக்கையாளரின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. எங்கள் உருளைகளை அவர்கள் எந்திரங்களில் பொருத்துவார்கள். ஓர் எந்திரத்தில் உருளை இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பாபுராவ் என்ற தொழிலாளி கையை உள்ளே விட்டு அதை நெம்பப் பார்த்திருக்கிறார். உருளை திடீரென்று விடுபட்டுச் சுற்ற, வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

சிக்கிய உருளை கீறிப் போயிருந்ததால் அதை அளக்க வழியில்லை. அதே நாளில் எங்கள் தொழிற்சாலையின் அதே எந்திரத்தில் கிரைண்டிங் செய்து, அதாவது தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, பிரிக்காத பெட்டியில் மிச்சமிருந்த இன்னொரு உருளையைத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நூறு மில்லிமீட்டர் குறுக்களவு. வரைபடத்தின்படி அதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஒரு மைக்ரான்கூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் இறுகிவிடும்.

கிரைண்டிங் செய்தவர் தனபால் அண்ணா.

அவரை எனக்கு வேலையில் சேர்வதற்கு முன்பே தெரியும். பூனாவை ஒட்டிய தேஹு ரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. அவர் அப்பாவும் என் அப்பாவும் ராணுவ ஆர்டினன்ஸ் டிப்போவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், இருவருக்கும் ஆற்காட்டுப் பக்கம். அந்தத் தொழிற்சாலையில் டிப்ளமோ படித்த பெண் ஆளைத் தேடுகிறார்கள் என்று என் அப்பாவிடம் வந்து சொன்னதே தனபால் அண்ணாதான். முதல் ஒரு மாதம் லோக்கல் ரயிலில் என்னைத் தன் கூடவே அழைத்துப் போனார். பெண்கள் பெட்டியில் என்னை ஏற்றிவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்கு ஓடுவார். இறங்கியதும் ஆறு பேர் உட்காரும் டம்டம் என்ற பெரிய ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு வருவார்.

வேலையில் அவர் கை சுத்தம். அவர் அனுப்பும் பெட்டியை அளக்காமலே கையெழுத்துப் போடலாம் என்று என் அறையில் ஒரு பேச்சே உண்டு. நான் அப்படிப் போட்டதில்லை. ஆனால் அவர் பெட்டி வந்தால் கொஞ்சம் நிம்மதியாக அளப்பேன்.

இரண்டரை மணி

நாற்பத்தைந்து நிமிடம் உருளையைக் கல் மேசைமேல் கிடத்தி வைத்தேன். நடுவில் ஒரு தடவை மின்சாரம் போய் வந்தது. ஏசி நின்று, இருமிவிட்டு மறுபடி ஓடியது.

இரண்டரைக்கு முனைக்கு அடியில் வைத்தேன். வலப்பக்கம் மூன்று கோடு. எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தேன். இரண்டு. கையுறையைக் கழற்றி உள்ளங்கை வியர்வையைத் துடைத்துவிட்டு, மாட்டிக்கொண்டு மறுபடி வைத்தேன். நான்கு.

மேலாளர் வந்து நின்றார். என்ன என்று கேட்டார். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் என்றேன். கமிட்டிக்கு நடுவில் கிடுவில் எல்லாம் வேண்டாம், எண்ணைச் சொல் என்றார். மூன்று, கூடுதல் என்றேன். ரிஜிஸ்டரில் எழுது என்றார். எழுதினேன். உருளை ஆறவில்லை என்பதை எழுதவில்லை. அதற்கு ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத இடத்தில் எழுதக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இப்போது நினைத்தால், ஓரத்தில் எழுதியிருக்கலாம். ஓரம் இருந்தது.

ஐந்தடி மூன்றங்குலம்

இந்த இடத்தில் ஒரு சிரிப்புக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தொடர்ந்து எழுத எனக்கே கொஞ்சம் மூச்சு முட்டுகிறது.

அதே ஆண்டுதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஜாதகத்தோடு போன குறிப்பில் என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம் என்று எழுதியிருந்தது. அப்பா எழுதியது. நான் ஐந்தடி இரண்டு. அதை நானே அளந்து அப்பாவிடம் சொன்னேன். பெண் உயரத்தை அதற்குமேல் துல்லியமாக யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார் அப்பா. ஒரு முடியைத் துண்டு போட்டு அளப்பவளின் வீட்டில் ஓர் அங்குலம், அதாவது இருபத்தையாயிரம் மைக்ரானுக்கு மேல், ஒரு பேனாக் கீறலில் கூடிப் போனது.

வானவடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ராணுவக் குடும்பம். பையனின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்று தன் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றங்குலம் என்று போட்டிருக்கிறதே என்றார். காலையில் அளந்தால் கூடுதலாக இருக்கும், சாயந்திரம் குறையும் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். முதுகெலும்பு நாள் முழுக்க அமுங்கும். பையன் சிரித்துவிட்டான். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். உண்மையைத்தான் சொன்னேன் என்றாலும், அப்பாவின் பொய்யை மறைக்கத்தான் அந்த உண்மை உதவியது. அதை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ரயிலில் கேட்ட கேள்வி

கமிட்டி மூன்று நாள் உட்கார்ந்தது. முதல் நாள் தனபால் அண்ணா தன் உருளையில் தவறு இருக்க வாய்ப்பில்லை என்று சொன்னாராம். இரண்டாம் நாள் என் ரிஜிஸ்டரைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவரே, கடைசியாகப் போட்ட சில உருளைகளைத் தன் மைக்ரோமீட்டரில் சரிபார்க்காமல் பெட்டியில் வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மகள் கவிதாவின் பள்ளிக்கூட அட்மிஷன் நெருக்கடியில் மனசு அங்கே இருந்தது என்றும் எழுதியிருந்தார். வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். போனார்.

விபத்துக்குக் காரணம் உருளை என்று அறிக்கை முடிந்தது. பாபுராவ் கையை விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்திருந்தாரா என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிம்ப்ரி ஸ்டேஷனில் தனபால் அண்ணாவைப் பார்த்தேன். லாக்கரில் இருந்த சாமான்களை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் தள்ளியே நின்றேன். அவரே வந்தார்.

“நல்லா பாத்தியாம்மா?” என்றார்.

“மூணு வாட்டி பாத்தேண்ணா” என்றேன்.

அவர் சரி என்று தலையசைத்தார். ரயில் வந்தது. வழக்கம்போல என்னைப் பெண்கள் பெட்டிப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, தான் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

மூன்று தடவை பார்த்தது நிஜம். அந்த நிஜத்தைச் சொன்னதில்தான் எனக்கு இவ்வளவு குழப்பம்.

பதினோரு பேர்

கல்யாணமாகி, குழந்தை பிறந்து, சில வருடம் வேலையை விட்டு, மறுபடி போனபோது இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது நாங்கள் கோந்த்வாவில் இருந்தோம். நான் சேர்ந்தது, மற்றத் தொழிற்சாலைகளின் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துத் தரும் ஒரு சிறிய ஆய்வகம். அதற்குள் அளவு உலகத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. எண்ணை மட்டும் எழுதினால் சான்றிதழ் செல்லாது. அந்த எண் எவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

அதற்கு ஐந்து நாள் பயிற்சி. பாடம் எடுத்த அம்மாள் நாக்பூர்க்காரர், ஒடிசலாக இருப்பார், எப்போதும் கைத்தறிச் சேலை. முதல் நாள் ஒரு எஃகு வளையத்தை மேசைமேல் வைத்து, எங்கள் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக அளந்து, மற்றவருக்குக் காட்டாமல் எழுதித் தரச் சொன்னார். எல்லாரும் வருடக்கணக்கில் இதே தொழிலில் இருப்பவர்கள். எழுதிக் கொடுத்தோம். பதினோரு எண்களையும் கரும்பலகையில் எழுதினார். எந்த இரண்டும் ஒன்றாக இல்லை.

எது சரி என்று கேட்டார். கடைசியில் நான்தான், நிஜ அளவு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றேன். அவர் எனக்கும் தெரியாது என்றார். எங்களுடையதைவிட நல்ல எந்திரம் வைத்திருக்கும் பெரிய ஆய்வகத்திலும் இதைவிடக் கொஞ்சம் குறுகலான ஓர் இடைவெளியைத்தான் சொல்வார்கள், நிஜ அளவு ஒன்று இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அதன் பக்கத்தில் போகலாம், போய்ச் சேர முடியாது என்றார்.

மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். பிம்ப்ரி ஸ்டேஷனில் துணிப்பையோடு நின்ற ஆளை நினைத்துக்கொண்டேன்.

பழைய டைரி

அந்த நாட்களில் நான் அளந்ததையெல்லாம் என் சொந்தச் சிறு டைரியிலும் குறித்து வைப்பேன். எதற்கு என்று கேட்டால் பெருமைக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. அந்த நாளின் பக்கத்தில் மூன்று எண்களும் இருந்தன. கீழே சின்ன எழுத்தில், கரண்ட் கட், 45 நிமிஷம், வந்தபோது தொட்டால் வெதுவெதுப்பு.

பயிற்சியில் சொல்லித் தந்தபடி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டையின் அளவிலேயே இருக்கக்கூடிய பிசகு, முள்ளின் பிசகு, என் கையின் பிசகு எல்லாம் சேர்ந்தும் ஒரு மைக்ரானைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் விழுங்கியது அந்த வெதுவெதுப்புதான். உருளை கட்டையைவிட மூன்று டிகிரி கூடுதல் சூட்டில் இருந்திருந்தால் மூன்று மைக்ரானும் சூட்டின் கணக்கு. தனபால் அண்ணாவின் உருளை சரியான உருளை. நன்றாக ஆறியிருந்தால் மூன்று மைக்ரானும் அவர் கணக்கு. எத்தனை டிகிரி என்று நான் அளக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்ததுதான்.

கணக்கின் கடைசி வரியில் மூன்று, அதன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் நான்கு என்று வந்தது. பிழை எண்ணைவிடப் பெரியதாக இருந்தது. அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு கூடுதல் என்றோ குறைவு என்றோ சொல்லக் கூடாது. சொல்ல முடியாது என்றுதான் எழுத வேண்டும்.

அவர் தப்புச் செய்யவில்லை என்று வந்திருந்தால் ஓடிப் போய்க் காலில் விழுந்திருப்பேன். தப்புச் செய்தார் என்று வந்திருந்தால் டைரியைப் பரணிலேயே போட்டிருப்பேன். வந்தது இரண்டுமில்லை. இதை எடுத்துக்கொண்டு ஒருவரிடம் போவதா, போகாமல் இருப்பதா? கணவரிடம் கேட்டேன். உன் மனசு ஆறுவதற்காகப் போகிறாய் என்றால் போகாதே என்றார். எதற்காகப் போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனேன்.

கிர்ணி

தனபால் அண்ணா வேலையை விட்ட பிறகு தேஹு ரோடு கடைத்தெருவில் மாவு மில் வைத்திருந்தார். அங்கே எல்லாரும் அதை கிர்ணி என்பார்கள். கோதுமை, ஜோவார் என்ற சோளம், பாஜ்ரா என்ற கம்பு எல்லாம் அரைப்பார். எந்திரக் கல்லைத் தானே கொத்திக்கொள்வார். சுற்று வட்டாரத்தில் வேறு மில்காரர்களும் கல் கொத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து, அம்மா வீட்டுக் கோதுமை டப்பாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனேன். அவர் புருவம், மீசை எல்லாம் மாவு. பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி சரோஜா அண்ணி உட்கார்ந்திருந்தார். எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி நேர விதி, டெம்போ சூடு, மின்சாரம் போனது, ஓரத்தில் எழுதாமல் விட்டது, இப்போது போட்ட கணக்கு. டைரியையும் காட்டினேன்.

அவர் டைரியை வாங்கி, கை மாவு படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தார். நாற்பத்தைந்து நிமிடம்தானா என்று மட்டும் கேட்டார். அப்புறம் டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப நான் சரியா போட்டேன்னு சொல்றியா?”

“அதுவும் சொல்ல முடியாதுண்ணா. தப்பா போட்டீங்கன்னு சொல்ல முடியாது. அவ்ளோதான்.”

“இது இன்னா பேச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். பாபுராவைப் பார்க்க வருடத்துக்கு ஒரு தடவை, தசரா கழிந்து, நாசிக் போய் வருகிறாராம். வேலை போன ஆண்டிலேயே விலாசம் கண்டுபிடித்துப் போயிருக்கிறார். நான்தான் அந்த உருளையைப் போட்டவன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் முதலில் கதவைச் சாத்தியிருக்கிறார். மறு வருடம் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இப்போது பாபுராவின் பெண் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயரும் உண்டு. எனக்கு இது எதுவும் தெரியாது.

“நீ அந்த நம்பரை எழுதற வரைக்கும் நான் சரியாத்தான் போட்டேன்னு சொல்லிகினு இருந்தேன் கஸ்தூரி. நம்பர் வந்தப்புறம்தான் கடைசி நாலு பீஸை அளக்காம விட்டேன்னு ஞாபகம் வந்துச்சு. வந்துச்சா, நானே வரவழைச்சிகினேனா, இப்ப எப்பிடி சொல்றது? தப்பு என்னுதுன்னு ஒரு முடிவுக்கு வந்து, அதுக்கு இன்னா செய்யணுமோ செஞ்சிகினு நிம்மதியா இருந்தேன். இப்ப வந்து தெரியாதுங்கற.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றார். ஓரத்தில் எழுதாததற்கு என்றேன். அதற்குச் சரி என்றார்.

சரோஜா அண்ணி ஸ்டூலிலிருந்து எழுந்து முந்தானையை உதறினார்.

“வேலை போன அன்னிலேர்ந்து இந்த மனுசனை நான் எத்தினி வார்த்தை சொல்லியிருப்பேன் தெரியுமா? கவனம் இல்லாத ஆளுன்னு புள்ளைங்க எதிர்ல சொல்லியிருக்கேன். அதுல எதைத் திருப்பி எடுத்துக்கணும், எதை வச்சிக்கலாம்? அதையும் ஒரு கணக்குப் போட்டு சொல்லு.”

தனபால் அண்ணா எழுந்து எந்திரத்தைப் போட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. என் கோதுமையை அரைத்துக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தசரா கழிந்து

அதன் பிறகு நான்கைந்து மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அம்மாவைப் பார்க்கப் போனால் பின்பக்கச் சந்து வழியாகப் போய் வந்தேன். ஆய்வகத்தில் சான்றிதழ்களில் கூட்டல் கழித்தல் போடும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கும். இந்த நேர்மை யாருக்கு உதவுகிறது என்று தோன்றும். பழைய எண்ணிலேயே எல்லாரும் எப்படியோ பொருந்தி உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் எழுப்பிவிட்டேன். எழுப்பியிருக்கக் கூடாதோ? சொல்லாமல் இருந்திருந்தால் அதுவும் ஓரத்தைக் காலியாக விட்ட இன்னொரு ரிஜிஸ்டர் ஆகியிருக்காதா?

தீபாவளிக்கு முந்திய வாரம் தனபால் அண்ணாவே அம்மா வீட்டுக்கு வந்தார். நான் வந்திருப்பது தெரிந்துதான் வந்திருக்கிறார். வாசலில் நின்றபடியே, நாசிக் போய் வந்தேன் என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

பாபுராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மறைத்து வைத்துக்கொண்டு அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட மனசு வரவில்லையாம். உருளை ஆறவில்லை, அந்த எண்ணை நம்ப முடியாது, என் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்று மராத்தியில் விளக்கியிருக்கிறார். பாபுராவ் சந்தோஷப்படுவார், இவ்வளவு நாள் வீணாகச் சுமந்தாயே என்று தோளைத் தட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனாராம்.

“அவன் டீ கிளாஸைக் கீழ வச்சிட்டான். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பாத்துகினு இருந்தான். அப்புறம் கேட்டான், அப்ப தப்பு என்னுதுதானா தனபால்னு. மெயினை அணைச்சானா இல்லியான்னு அவனுக்கே தெரியாதாம். உருளை மேல தப்புன்னு ஆனப்புறம் அந்த யோசனையை விட்டுட்டானாம். நல்ல வேளைன்னு விட்டுட்டானாம். இப்ப மறுபடி ராத்திரி எல்லாம் அதையே நினைக்கணுமான்னு கேக்கறான்.”

“நீங்க இன்னாண்ணா சொன்னீங்க?”

“இல்லப்பா, தப்பு என்னுதுதான். அந்தப் பொண்ணுதான் கணக்குத் தப்பா போட்டுடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சரிதானே என்று கேட்கிற மாதிரியும் இருந்தது, இதில் நீ ஒன்றும் சொல்லாதே என்கிற மாதிரியும் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தெரு முனைவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாசிக்கில், நான் ஒரு தடவையும் பார்த்திராத ஒருவர் என்னைக் கணக்குத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். இந்த வாரத்துப் பக்கங்களை எழுதி முடித்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். பாபுராவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை இன்னொரு முறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன்.